சாவி யார் கையிலோ, அவரே வாடிக்கையாளர்

சென்னைப் புறநகரில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எந்த டீக்கடையில் நின்றாலும் சொந்தத் தொழில் பற்றிய பேச்சு காதில் விழும். கான்ட்ராக்ட் முடிந்து கம்பெனியிலிருந்து வெளியே வந்த பையன்களும், ஷிப்டு வேலையில் அலுத்துப்போனவர்களும் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு யோசனை சொல்ல நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். தண்ணீர் கேன், மொபைல் சர்வீஸ், வாடகை டெம்போ என்று ஓடிக்கொண்டிருந்த அந்தப் பட்டியலில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கடன் கட்ட முடியாமல் போய், வங்கி சீல் வைத்த வீடுகளைக் காலி செய்து, கழுவிச் சுத்தமாக்கிக் கொடுக்கும் தொழில்.

யோசனை இப்படிப் போகும்: "பேங்க் மேனேஜரைப் பிடி. பேனல்ல பேரை ஏத்து. வீடு வரிசையா வரும். உள்ளே கிடக்கிற சாமானைக் காயலான் கடையில போட்டாலே ஆள் கூலிக்கு ஆச்சு."

கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒவ்வொரு வாக்கியமும் தப்பு. தொழில் தப்பு என்று நான் சொல்லவில்லை. மணிமங்கலம், வரதராஜபுரம், முடிச்சூர், படப்பை என்று நீளும் இந்தப் பகுதியில் அதற்குத் தேவை இருக்கிறது. வாடிக்கையாளர் யார் என்று காட்டும் விரல்தான் தவறான திசையில் நீண்டிருக்கிறது. அதை நம்பி விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வங்கி வங்கியாக ஏறி இறங்குகிறவருக்கு வேலையும் கிடைக்காது, ஏன் கிடைக்கவில்லை என்பதும் புரியாது.

இந்த யோசனையின் ஊற்று அமெரிக்கா. 2008 நெருக்கடிக்குப் பிறகு அங்கே தவணை தவறியவர்களின் வீடுகள் லட்சக்கணக்கில் காலியாயின. 2010இல் மட்டும் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மீது ஜப்தி நடவடிக்கை பாய்ந்தது. ஏலத்தில் கேட்பாரில்லாத வீட்டைக் கடன் கொடுத்த நிறுவனமே தன் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அதுதான் வீட்டுக்காரர். வாசலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தால் நகராட்சி அபராதம் போடும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்தால் அந்த நஷ்டமும் அதன் தலையில்தான். ஃபேனி மே, ஃப்ரெடி மேக் போன்ற வீட்டுக்கடன் நிறுவனங்களிடம் இப்படி வீடுகள் குவிந்தன. புல் வெட்ட, பூட்டு மாற்ற, விட்டுப்போன சோபாவையும் மெத்தையையும் அள்ளிக்கொண்டு போக ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஊரில் "வங்கியைப் போய்ப் பார்" என்றால் சரியான அறிவுரை. நம் ஊர்ச் சட்டம் வேறு.

வங்கி இங்கே வீட்டுக்காரர் ஆவதில்லை

இங்கே நடப்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி. தவணை 90 நாள் தவறினால் கடன் வாராக்கடன் ஆகிறது. 13(2) பிரிவின்கீழ் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வருகிறது. அதற்கும் பணம் வராவிட்டால் 13(4) பிரிவின்படி வங்கி சொத்தைத் தன் சுவாதீனத்தில் எடுக்கிறது. எடுப்பது சுவாதீனம் மட்டும்தான். வீட்டை விற்று, வந்த பணத்தில் பாக்கியைக் கழித்துக்கொண்டு, மிச்சமிருந்தால் உரியவருக்குத் திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிகிறது. வங்கியே ஏலத்தில் கேட்டு எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் மனையையும் வீட்டையும் கட்டிக்கொண்டு உட்கார எந்த வங்கிக்கும் விருப்பமில்லை. தன் சொந்த உபயோகத்துக்கு வேண்டாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வங்கி ஒழுங்குமுறைச் சட்டமும் விடுவதில்லை.

ஆகவே வங்கிக்கு அந்த வீடு பளபளக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏல அறிவிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சொத்து எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படியே விற்கப்படும் என்று கறாராக எழுதியிருக்கும். சுவரில் எவ்வளவு ஓதம், நிலைப்படியில் எவ்வளவு கரையான், சம்ப்பில் என்ன மிதக்கிறது என்பதெல்லாம் வாங்குகிறவர் கவலை என்று அந்த ஒரு வரியிலேயே வங்கி கைகழுவிவிடுகிறது. கைகழுவியவர் எதற்கு உங்களுக்குக் கூலி கொடுக்கப்போகிறார்?

அவசியம் இல்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி பயம். ஏல அறிவிப்பு வெளியாகும்வரை கடன்காரர் முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று 2016 திருத்தம் சொல்கிறது; 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்த எல்லையை உறுதிப்படுத்தியது. சுவாதீனம் எடுத்த முறை தவறு என்று 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு அவர் போகலாம். தவறுதான் என்று தீர்ப்பாயம் கண்டால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும். அந்த நேரத்தில் "பீரோவைக் காணோம், பாத்திரம் பண்டம் ஒன்றையும் காணோம்" என்று ஒரு மனு விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வங்கி அதிகாரி. அதனால் பட்டியல் எழுதிப் பூட்டி, சீல் வைத்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பதுதான் அவருக்கு நிம்மதி. நீங்கள் துடைப்பத்தோடு போய் நின்றால் அவர் கண்ணுக்கு நீங்கள் ஒரு புதுத் தலைவலி.

சீல் வைத்த வீடு என்று நாம் சொல்வதில் பல வீடுகளுக்கு உண்மையில் சீலே கிடையாது என்பது இன்னொரு சங்கதி. சுவரில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழில் விளம்பரம் கொடுத்தால் சுவாதீனம் காகிதத்தில் வந்துவிடும். வீட்டுக்குள் குடும்பம் குடியிருந்துகொண்டே இருக்கும். அவர்களை வெளியேற்ற 14ஆம் பிரிவில் மனு போட வேண்டும். மணிமங்கலம், படப்பை பக்கத்துக்குக் காஞ்சிபுரம் ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ. 30 நாளில், காரணம் எழுதினால் 60 நாளில் உத்தரவு வர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், கெடு தாண்டியதால் மட்டும் உத்தரவு செல்லாமல் போகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு வழக்கறிஞர் ஆணையர் வர வேண்டும், போலீஸ் பாதுகாப்பு கிடைக்க வேண்டும், பூட்டு உடைக்க ஆள் வேண்டும். அறிவிப்பைப் பேப்பரில் பார்த்த கையோடு ஆள் திரட்டியவர், வேலை தொடங்குவதற்குள் அந்த ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

மேனேஜரும் பேனலும்

"மேனேஜரைப் பிடி" என்கிறார்கள். எந்த மேனேஜர்? மணிமங்கலத்திலோ படப்பையிலோ உள்ள கிளை மேலாளருக்கு இதில் அதிகாரமே இல்லை. சுவாதீனம் எடுப்பதும் விற்பதும் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி'யின் வேலை. பொதுத்துறை வங்கியில் அவர் தலைமை மேலாளர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்று சர்ஃபேசி சட்டத்தின் 2002 விதிகள் சொல்கின்றன. அவர் பெரும்பாலும் சென்னையில், வாராக்கடனுக்கென்றே இருக்கும் கிளையிலோ மண்டல அலுவலகத்திலோ கோப்புகளுக்கு நடுவில் இருப்பார். கிளை மேலாளரோடு குடித்த காபி அத்தனையும் நட்புக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

பேனல் கதையும் அப்படித்தான். வங்கிகள் பட்டியலில் வைத்திருப்பது அமலாக்க முகவர்களை. சுவாதீனம் எடுக்க உதவுவது, காவலாள் போடுவது, ஏலத்துக்கு ஆள் சேர்ப்பது எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் அவை. அனுபவம், வைப்புத்தொகை, ஆள்பலம் என்று கேட்கும் தகுதிகளை நேற்றுத் தொடங்கிய நான்கு பேர் குழுவால் காட்ட முடியாது. மிஞ்சிப்போனால் அந்த முகவருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர் ஆகலாம். வங்கி முகவருக்குக் கொடுக்க வேண்டும், முகவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டும், நீங்கள் ஆட்களுக்கு அன்றன்றைக்கே கொடுத்தாக வேண்டும். இந்த வரிசையில் பணம் கடைசியாக வந்து சேர்வது உங்கள் பைக்கு, முதலில் வெளியே போவதும் உங்கள் பையிலிருந்துதான்.

இதற்கு மேல் "கொஞ்சம் கவனிச்சுக்கிட்டா ஆகிடும்" என்று ஒரு குரல் கேட்கும். பொதுத்துறை வங்கி அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுப்பவரும் குற்றவாளிதான் என்று 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஒரு வீட்டைக் கழுவும் கூலிக்காக அந்த அபாயத்தில் போய் நிற்பவரை என்ன சொல்வது?

வங்கி ஒருபோதும் பணம் தராது என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். சுவாதீனம் எடுத்த சொத்தை, விவேகமுள்ள சொந்தக்காரர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும்; விற்கும்வரை அதைப் பாதுகாக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த 2002 விதிகளில் 8ஆம் விதி அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்குக் கடமை விதிக்கிறது. மழைநீர் உள்ளே இறங்குகிறது, கீழ்வீட்டுக் கூரை ஊறுகிறது என்றால் அவர் செலவு செய்யலாம். ஆனால் அந்தச் செலவு 13(7) பிரிவின்படி கடைசியில் கடன்காரர் கணக்கில்தான் ஏறும். வீட்டை இழந்தவர் தலையில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் நியாயமான செலவுதான் என்று அதிகாரி நாளைக்குத் தீர்ப்பாயத்தில் விளக்க வேண்டி வரலாம். அதனால் அவசரத்துக்குச் செய்வார், அழகுக்குச் செய்யமாட்டார். இந்தச் சின்னச் சந்தும் வங்கி வாசலில் காத்திருப்பவருக்குத் திறக்காது. அது எப்படித் திறக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் யாருக்குத் தேவை?

ஏலம் எடுத்தவருக்கு. அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். ஏலம் முடிந்த அன்றோ மறு வேலைநாளிலோ விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். விற்பனை உறுதியான 15ஆம் நாளுக்குள் மீதி 75 சதவீதம். வங்கி எழுத்தில் சம்மதித்தால்தான் தவணை நீளும். நகையை வைத்தும், ஊரில் நிலத்தை விற்றும், இன்னொரு கடன் வாங்கியும் புரட்டியிருப்பார். விற்பனைச் சான்றிதழ் கைக்கு வரும்போது அவர் கையில் ஒரு சாவி இருக்கும். அது திறக்கும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பலர் அந்த வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்திருப்பார்கள். தவணை ஓட ஆரம்பித்துவிட்டது. சீக்கிரம் குடிபோக வேண்டும், இல்லாவிட்டால் ஒரகடத்தில் வேலை பார்க்கும் நாலு பேருக்கு வாடகைக்காவது விட வேண்டும். தனியாக உள்ளே போகத் தயக்கம். முன்னாள் வீட்டுக்காரர் வந்து சண்டை போடுவாரோ என்ற பயம். அவசரமும் பயமும் பணமும் ஒரே ஆளிடம் கூடியிருக்கும் இடம் இந்த ஓர் இடம்தான். தொழில் செய்கிறவர் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

இவரை எங்கே பிடிப்பது? எந்த வீடு எப்போது ஏலத்துக்கு வருகிறது என்பது ரகசியம் இல்லை. பொதுத்துறை வங்கிகளின் ஏலங்கள் 2025 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்ட 'பேங்க்நெட்' தளத்தில் ஊர்வாரியாக இருக்கின்றன. சுவாதீனம் எடுத்த சொத்துகளின் விவரத்தை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. எந்தத் தெருவில், எந்த மாதத்தில் வேலை வரக்கூடும் என்று கணிக்க அது போதும். அந்தப் பட்டியலில் கடன்காரர் பெயரும் இருக்கும். அவர் கதவைத் தட்டி "காலி பண்ணும்போது கூப்பிடுங்க" என்று கார்டு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அநாகரிகம்.

தட்ட வேண்டிய கதவுகள் வேறு. சாவி கைமாறும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஏலச் சொத்து வாங்கித் தரும் ஆலோசகர். விற்பனைச் சான்றிதழைப் பதிவுசெய்ய வரும்போது படப்பை சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். வழக்கறிஞர் ஆணையரோடு வந்து பூட்டைத் திறந்த பூட்டு ரிப்பேர்காரர். வில்லங்கம் பார்த்துக் கொடுத்த வக்கீலின் ஜூனியர். மின் இணைப்பைத் திரும்ப வாங்கித் தரும் எலக்ட்ரீஷியன். இவர்களில் ஒருவர் "எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான், பொருள் ஒண்ணும் காணாமப் போகாது" என்று சொன்னால் வேலை உங்களுடையது. எந்தப் பேனல் கடிதத்துக்கும் அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு வராது.

அவர்களுக்குக் கமிஷன் மட்டும் போதாது, நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கையும் வேண்டும். உதாரணமாக ஈபி பாக்கி. பழைய வீட்டுக்காரர் வைத்துப்போன மின்கட்டணத்தைக் கட்டினால்தான் இணைப்பு என்று கேட்க, அதற்கான விதி இருந்தால் வாரியத்துக்கு உரிமை உண்டு என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. ஏலம் எடுத்தவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி, மீட்டர் எண்ணைக் குறித்து, பாக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்ய வந்தவர் இதைச் சொன்னார் என்பதை அவர் மறக்கமாட்டார்.

இனி, வங்கி பணம் தரும் அந்தச் சின்னச் சந்து. இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது. கழிவறை வளைகுழாயில் தண்ணீர் வற்றி நாற்றம் மேலே ஏறுகிறது, எலி பெருகுகிறது, பால்கனி வடிகால் அடைத்துக் கீழ்வீட்டுச் சுவர் ஊறுகிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குத் தினமும் புகார். சீலை உடைக்க அவருக்கு உரிமையில்லை. ஆனால் 8ஆம் விதியைக் காட்டி, படங்களோடு அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு ஒரு பதிவுத்தபால் அனுப்ப உரிமை உண்டு. அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள், கூடவே உங்கள் செலவு மதிப்பீட்டையும் வையுங்கள். அதிகாரிக்கு இப்போது செலவு செய்ய எழுத்தில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வங்கி உங்களுக்கு வேலை தருவதென்றால் அது பக்கத்துவீட்டுக்காரர் வழியாகத்தான் வரும்.

உள்ளே கிடப்பது யாருடையது?

இனி டீக்கடை யோசனையின் கடைசி வாக்கியம்: உள்ளே கிடக்கும் சாமான்தான் லாபம். நான்கிலும் மோசமானது இதுதான்.

ஒரு வருஷம் மூடிக் கிடந்த இரண்டு படுக்கையறை வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது ஃபிரிட்ஜ். மின்சாரம் துண்டித்த நாளில் உள்ளே இருந்தது அத்தனையும் கறுப்புத் தண்ணீராக வழிந்து டைல்ஸில் காய்ந்திருக்கும். கழிவறை ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தால் புறா குடியேறியிருக்கும். அதன் எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கினால் நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வாரவேண்டும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே கரையான் புற்று. ஹாலில் வழக்கறிஞர் ஆணையர் எழுதிய பட்டியலின் நகல்: மரக் கட்டில் 1, இரும்பு பீரோ 1, கிரைண்டர் 1. பரணில் பட்டியலில் வராத ஒரு சூட்கேஸ். அதற்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஒரு பெரியவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், கம்பெனி அடையாள அட்டை, மஞ்சள் துணியில் சுற்றிய திருமண ஆல்பம்.

காயலான் கடைக் கணக்குப் பார்க்கிறவருக்கு அந்தச் சூட்கேஸ் பழைய பேப்பர், கிலோ கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. அடமானம் வைத்தது வீட்டை. கட்டிலையும் பீரோவையும் யாரும் அடமானம் வைக்கவில்லை. அவை வங்கிக்கும் சொந்தமில்லை, ஏலம் எடுத்தவருக்கும் சொந்தமில்லை. விட்டுப்போனவருடையதாகவே இருக்கின்றன. அவற்றை எடுத்து விற்பது திருட்டு வழக்கு வரக்கூடிய காரியம். வழக்கு உங்கள்மேல் மட்டும் நிற்காது, உங்களை அழைத்த வாடிக்கையாளரையும் மணிமங்கலம் காவல் நிலையம்வரை இழுக்கும். அப்புறம் உங்களுக்கு இந்த வட்டாரத்தில் யார் வேலை கொடுப்பார்கள்?

ஆகவே ஒரு சாமானை நகர்த்தும் முன்பே அறை அறையாகப் படம், ஆணையரின் பட்டியலோடு ஒப்பீடு, பட்டியலில் வராததற்குத் தனிப் பட்டியல், வாடிக்கையாளர் கையெழுத்து. சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவக் காகிதம், புகைப்படம் இவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு ஒட்டி, வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி வழியாக உரியவரிடம் சேர்க்க ஏற்பாடு. மற்றச் சாமானை எடுத்துக்கொள்ள உரியவருக்கு நோட்டீஸ் போய், கெடு முடிந்தது என்று எழுத்தில் வந்த பிறகுதான் லோடு ஏற்றுவது. இதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்குத்தான் கூலி கேட்க வேண்டும். துடைப்பம் பிடிக்க யாரும் இருப்பார்கள்; ஏலம் எடுத்தவர் உங்களிடம் வாங்குவது, நாளைக்கு யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடிய அந்தப் பட்டியலை. சாமானை விற்று ஈடுகட்டலாம் என்று குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டவரால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் கூலியே அந்தச் சாமானில்தான் இருக்கிறது.

குப்பையிலும் இதே ஒழுங்கு வேண்டும். உடைத்த அலமாரியையும் டைல்ஸையும் இரவில் ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. மணிமங்கலம் ஏரியும் அதைச் சுற்றியுள்ள ஏரிகளும் அடையாற்றுக்குத் தண்ணீர் அனுப்புகிறவை; வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பார்த்தன. பாதாளச் சாக்கடை இல்லாத மனைப்பிரிவுகளில் செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் அது உரிமம் பெற்ற லாரியின் வேலை. "ரெண்டு பேர் இறங்கி அள்ளிடட்டும்" என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்த வாடிக்கையாளர் வேண்டாம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம். அப்படி ஒருவர் இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இறந்தவர் வீட்டுக்கு அந்தப் பணம் ஈடாகாது என்பது வேறு.

"அடுத்தவர் கண்ணீரில் பிழைப்பா?"

டீக்கடை யோசனையை மறுக்கும்போதே, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒரு குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீடு போனவர் வயிற்றெரிச்சலில் காசு பார்ப்பது பாவம் என்கிறார்கள். இவர்கள் நல்லவர்கள், ஆனால் யோசிக்காதவர்கள். கடன் கொடுத்தவர், மதிப்பீடு செய்தவர், ஏலம் நடத்தியவர், ஏலம் எடுத்தவர் எல்லோரும் கடந்துபோன பிறகு கடைசியாக உள்ளே போகிறவர்தான் சுத்தம் செய்கிறவர். அந்தச் சூட்கேஸ் குப்பை லாரிக்குப் போகுமா, உரிய குடும்பத்துக்குப் போகுமா என்பது அவர் கையில் இருக்கிறது. வீடு போனதைத் தடுக்க அவரால் முடியாது. பிள்ளையின் சான்றிதழ் போவதைத் தடுக்க முடியும். நேர்மையான ஆள் இதைச் செய்யாவிட்டால் காயலான் கடைக் கணக்குக்காரர் செய்வார். ஒதுங்கி நின்று பாவம் என்பவர்களால் அந்தக் குடும்பத்துக்கு என்ன லாபம்?

கடைசியாக ஒரு நியாயமான கேள்வி. ஒற்றை ஒற்றையாக ஏலம் எடுத்தவர்களைத் தேடினால் மாதத்துக்கு எத்தனை வீடு தேறும்? நான்கு ஆட்களுக்கும் ஒரு குட்டியானைக்கும் அது கட்டுமா? ஏல வீடு மட்டும் என்றால் கட்டாது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஏல வீடு மட்டும் என்று யார் சொன்னது? பழக்கமில்லாத பூட்டிய வீடு ஒன்றின் சாவி யார் கைக்கு வந்தாலும் அவருக்கு இதே தேவைதான். அப்பா அம்மா காலமான பிறகு சொந்த ஊர் வீட்டைத் திறக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள். பாகப்பிரிவினை வழக்கு முடிந்து வீட்டைப் பெற்றவர். சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துபோன வாடகைக்காரரின் அறையைத் திறக்கும் வீட்டுக்காரர்.

கடைசியில் சொன்ன ஆள் இந்தப் பகுதிக்கு மிக முக்கியம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. மறைமலைநகர் ஃபோர்டு 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை மூடினால் வேலை இழந்தவரின் சொந்த வீடு ஏலத்துக்கு வர வாராக்கடன், நோட்டீஸ், தீர்ப்பாயம், 14ஆம் பிரிவு என்று வெகுகாலம் பிடிக்கும். அவரோடு வேலை பார்த்தவர்கள் தங்கியிருந்த வாடகை அறைகளோ அடுத்த மாதமே காலி. ஆலை மூடாமலேயே கான்ட்ராக்ட் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஊர் இது. அறைகள் நிறைவதும் காலியாவதும் ஆண்டு முழுக்க நடக்கிறது. ஒரு காம்பவுண்டுக்குள் எட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் எந்த வங்கி அதிகாரியையும்விட அடிக்கடி உங்களைக் கூப்பிடுவார். பணத்தை அன்றைக்கே கையில் கொடுப்பார். உங்கள் வீட்டு அடுப்பை எரிய வைப்பவர் அவர்தான். ஏல வீடு அதன்மேல் வரும் கூடுதல் வருமானம்.

"வங்கி அங்கீகாரம் பெற்றது" என்று கார்டில் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலம் எடுத்துப் பயந்துபோய் நிற்பவர் அந்த வரியைப் படிப்பதில்லை. போன மாதம் நீங்கள் திறந்து கொடுத்த வீட்டின் படங்களையும், சாமான் பட்டியலையும், அதன் அடியில் உள்ள கையெழுத்தையும் முன்னால் வையுங்கள். அவர் சாவியை எடுத்து நீட்டுவார். காட்ட அப்படி ஒன்றும் இல்லாதவருக்கு எந்தப் பேனலும் சோறு போடாது.